திறக்காத சிப்பியும் மின்வண்டி பேட்டரியும்



திரேஸ்புரத்தில் மளிகைக் கடை நடத்திவரும் நம் உறுப்பினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சி, கடைக்கு ஒரு கரண்டு வண்டி எடுக்கலாம்னு இருக்கேன். படகுக்காரங்களுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கணும், வீடுகளுக்கும் கொடுக்கணும். பெட்ரோலுக்கே காசு போயிருது. ஆனா மூணு வருசம் கழிச்சு பேட்டரி போய், கம்பெனியும் போயிட்டா என்ன செய்ய?"

கேள்வி சிறியதுதான். பதில் சொல்லச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது ஒருவருடைய கேள்வி மட்டும் அல்ல. நம்மில் பலர் இன்று இதே இடத்தில் நின்று யோசிக்கிறோம். நம் ஊரிலேயே சில்லாநத்தம் சிப்காட்டில் வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் கம்பெனியின் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டுவிட்டது. மின்வண்டி இனி எங்கோ நடக்கும் சங்கதி இல்லை. எனவே இதில் நம் முதலைப் போடுமுன் சில பாடங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏலத்தில் எடுத்த சிப்பி

தூத்துக்குடி வணிகருக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. அது முத்துக்குளிப்பு. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்நாட்களில் கரைக்கு வந்த சிப்பியில் குளித்தவர் பங்கு போக, அரசின் பங்கை ஏலம் விடுவார்கள். ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போகும். சிப்பியைத் திறந்து பார்த்து வாங்க முடியாது. உள்ளே முத்து இருக்கலாம், வெறும் சதையாகவும் இருக்கலாம். பணத்தைக் கொடுத்து, எடுத்துக்கொண்டுபோய், அழுகவிட்டுக் கழுவிய பிறகுதான் லாபமா நஷ்டமா என்று தெரியும்.

ஆனால் அதிலும் ஒரு முறை இருந்தது. குளிப்புத் தொடங்குமுன் பாரில் மாதிரிக்குச் சிப்பி எடுத்து, திறந்து, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போடுவார்கள். விவரமான வணிகர் அந்த மாதிரி மதிப்பைப் பார்த்துத்தான் ஏலம் கேட்பார்.

மின்வண்டியின் பேட்டரியும் திறக்காத சிப்பிதான். வெளியே பார்த்தால் பளபளப்பான பெட்டி. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைத் திறக்க நம்மால் முடியாது. ஆனால் மாதிரி பார்க்கலாம். நமக்கு முன்னால் இந்தத் தொழிலில் இறங்கியவர்களின் கதையே அந்த மாதிரி. குறிப்பாக, மண்ணிலும் மலையிலும் ஓடும் மின்சார மோட்டார் சைக்கிள் செய்யப் புறப்பட்ட புதுக் கம்பெனிகளின் கதையில் நமக்குப் பாடம் அதிகம். பேட்டரி மிகக் கடுமையான சோதனைக்கு உள்ளாவது அங்கேதான். அந்தக் கம்பெனிகளில் சில வாழ்ந்தன, சில விழுந்தன.

பேட்டரி என்பது என்ன?

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்வோம். பேட்டரியின் அளவைக் கிலோவாட்-மணி என்று சொல்வார்கள். பயப்பட வேண்டாம். ஒரு கிலோவாட்-மணி என்பது நம் மின்கட்டண அட்டையில் வரும் ஒரு யூனிட்தான். 3 கிலோவாட்-மணி பேட்டரி என்றால் 3 யூனிட் மின்சாரம் கொள்ளும் பாத்திரம். அதை நிரப்ப, சேதாரம் போக, மூன்றரை யூனிட் வரை செலவாகும். சாதாரண ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொள்ளலாம். மூட்டை ஏற்றினாலும் மணலில் ஓட்டினாலும் இது குறையும்.

அந்தப் பெட்டிக்குள் விரல் பருமனுள்ள உருளைகளோ தட்டையான கட்டிகளோ வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். இவற்றுக்குச் 'செல்' என்று பெயர். எல்லாச் செல்லும் ஒன்றாகவே நிரம்பி ஒன்றாகவே வடிய வேண்டும். ஒரு செல் தளர்ந்தால் வரிசை முழுவதும் தளரும். இதைக் கண்காணிக்க உள்ளே ஒரு மின்னணுப் பலகை உண்டு. நம் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி அது. எந்தச் செல்லில் எவ்வளவு இருப்பு, எது சூடாகிறது, எப்போது நிறுத்த வேண்டும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். கணக்குப்பிள்ளை சரியில்லாத கடை எப்படி முழுகுமோ, அப்படியே இந்தப் பலகை சரியில்லாத பேட்டரியும் சீக்கிரம் கெடும்.

செல்லிலும் வகை உண்டு. நிக்கல் கலந்த லித்தியம் செல் எடை குறைவு, சக்தி அதிகம். இரும்பு-பாஸ்பேட் கலந்த லித்தியம் செல் எடை கூடுதல், ஆனால் சூட்டைத் தாங்கும், கூடுதல் தடவை நிரப்பி வடிக்கலாம். பந்தய வண்டிக்கு எடை குறைவாக இருக்க வேண்டும். நம் கடை வண்டிக்கு ஆயுள் நீள வேண்டும். இந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

விழுந்தவர்கள் இருவர்

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் 2010-ல் மூவர் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பின்னாளில் அதன் பெயர் ஆல்ட்டா மோட்டார்ஸ். அவர்கள் செய்த 'ரெட்ஷிஃப்ட்' என்ற மண்பாதைப் பந்தய பைக் நல்ல சரக்கு. பேட்டரி சுமார் 5.8 கிலோவாட்-மணி. அந்தப் பேட்டரியை அவர்களே வடிவமைத்தார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள். 2018 மார்ச்சில் புகழ்பெற்ற ஹார்லி-டேவிட்சன் கம்பெனியே அதில் பணம் போட்டது. எல்லோரும் இனிக் கவலையில்லை என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஏழே மாதத்தில், 2018 அக்டோபரில், ஆலை நின்றுபோனது. கையிருப்புத் தீர்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு அதன் தொழில்நுட்பச் சொத்துகளைக் கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிக்கொண்டது. வண்டி வாங்கியவர்கள் கையில் வண்டி இருந்தது. ஆனால் அதைச் செய்து கொடுத்த ஆலை இல்லை.

அடுத்தது சுவீடன் நாட்டின் கேக் என்ற கம்பெனி. 2016-ல் தொடங்கி, 'கால்க்' என்ற மெலிந்த, அழகான மண்பாதை மின்பைக்கை வெளியிட்டது. வனவிலங்குகளைக் காக்கும் காவலர்களுக்காக ஆப்பிரிக்காவுக்கும் வண்டி அனுப்பியது. சத்தமில்லாத வண்டி என்பதால் வேட்டையாடுவோருக்குத் தெரியாமல் நெருங்கலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் 2024 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி திவாலானது. பிறகு வேறு கை மாறியது.

இந்த இரண்டு கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். சரக்கு மட்டமானதால் விழவில்லை. பேர் இருந்தது, புகழ் இருந்தது. புதுச் சரக்கைச் செய்யவும் விற்கவும் ஆகும் காலத்துக்குக் கைமுதல் தாக்குப்பிடிக்கவில்லை. நம் தெருவிலும் பார்த்திருக்கிறோம். சரக்கு நல்லது, கூட்டமும் வருகிறது, ஆனால் சுழற்சிப் பணம் இல்லாமல் கடை மூடுகிறது. பொருளாதாரம் எந்த நாட்டிலும் ஒன்றுதான்.

நின்றவர்கள் சிலர்

கலிபோர்னியாவில் சான்டா குரூஸ் நகரில் 2006-ல் தொடங்கிய ஜீரோ மோட்டார்சைக்கிள்ஸ் கம்பெனியும் முதலில் மண்பாதை வண்டியோடுதான் வந்தது. ஆனால் அந்தச் சந்தை சின்னது என்று கண்டு, சாலை வண்டிக்கும் போலீஸ் இலாகா வண்டிக்கும் விரிந்தது. பொறுமையான முதலீட்டாளர்கள் பின்னால் நின்றார்கள். 2022 செப்டம்பரில் நம் நாட்டு ஹீரோ மோட்டோகார்ப் அதில் 6 கோடி டாலர் வரை போட ஒப்புக்கொண்டது.

ஸ்பெயின் நாட்டில் பார்சிலோனா அருகே ஸ்டார்க் ஃபியூச்சர் என்ற கம்பெனி 2021 டிசம்பரில் 'வார்க்' என்ற மின்சார மோட்டோகிராஸ் பைக்கை அறிவித்தது. 6 கிலோவாட்-மணி பேட்டரி, 80 குதிரைத்திறன் வரை சக்தி, மக்னீசியப் பெட்டி. அடுத்த ஆண்டு, 2022 டிசம்பரில், அதில் 5 கோடி யூரோ போட்டது யார் தெரியுமா? சென்னை திருவொற்றியூரில் 1950-கள் முதல் புல்லட் செய்த ராயல் என்ஃபீல்டு. தாய்க் கம்பெனியான ஐஷர் மோட்டார்ஸ் மூலம் சுமார் பத்து சதவீதப் பங்கை அது எடுத்துக்கொண்டது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக பெட்ரோல் என்ஜின் செய்த கம்பெனி, நேற்று முளைத்த கம்பெனியிடம் மின்வண்டி வித்தை கற்கப் பணம் கொடுத்துக் கூட்டுச் சேர்ந்தது. இதில் நாம் கூச்சப்பட ஒன்றுமில்லை. பழைய கடையில் முதல் இருக்கும், புதுப் பையனிடம் யுக்தி இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் வியாபாரம்.

நம் மாநிலத்துக் கதை

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் ஆகிய இருவர் 2013-ல் ஏதர் எனர்ஜி என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். வண்டி செய்யவேண்டும் என்று அவர்கள் புறப்படவில்லை. மின்வண்டிகளுக்கு நல்ல பேட்டரி செய்து விற்கலாம் என்பதே முதல் எண்ணம். அன்றைக்கு விற்ற மின்ஸ்கூட்டர்களில் இருந்தவை ஈய-அமிலப் பேட்டரிகள். நல்ல பேட்டரியை மாட்ட நல்ல வண்டி இல்லை என்று கண்டபிறகுதான் வண்டியையும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள்.

2014-ல் ஃபிளிப்கார்ட் நிறுவனர்கள் 10 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2015-ல் அமெரிக்க முதலீட்டுக் கம்பெனி ஒன்று 1 கோடியே 20 லட்சம் டாலர் கொடுத்தது. 2016-ல் ஹீரோ மோட்டோகார்ப் 205 கோடி ரூபாய் கொடுத்தது. முதல் வண்டி விற்பனைக்கு வந்தது 2018-ல்தான். ஐந்து ஆண்டுகள் ஒரு வண்டி விற்காமல் சம்பளமும் வாடகையும் கொடுத்திருக்கிறார்கள்! 2021 முதல் ஓசூரில் ஆலை. செல் வெளியிலிருந்து வாங்கி, பேட்டரியை அங்கேயே கட்டுகிறார்கள். 2025 மே மாதம் கம்பெனியின் பங்கு சந்தைக்கு வந்தது. அப்போதும் கம்பெனி நஷ்டத்தில்தான் இருந்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? பேட்டரித் தொழிலில் காய் பறிக்கப் பத்து ஆண்டும் ஆகலாம். அதுவரை தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் செடி பிழைக்கும். பெரிய பெயர் ஒன்று பக்கத்தில் நிற்பது மட்டும் போதாது. ஆல்ட்டாவுக்கும் அப்படி ஒரு பெயர் துணையிருந்தது. எவ்வளவு பணம், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

நம் கடைக் கணக்கு

இதெல்லாம் பெரிய கம்பெனி விவகாரம், நமக்கென்ன என்று கேட்கலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் கணக்கை இதே முறையில் நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

நாளுக்கு 40 கிலோமீட்டர், மாதத்தில் 26 நாள். மொத்தம் 1,040 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்து, லிட்டர் 100 ரூபாய் என்றால், மாதச் செலவு சுமார் 2,300 ரூபாய். மின்வண்டிக்கு, சேதாரம் சேர்த்து, 40 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றாலும் 400 ரூபாய். மாதம் 1,900 ரூபாய் மிச்சம். இதைக் காட்டித்தான் நம்மிடம் வண்டி விற்கிறார்கள்.

ஆனால் பேட்டரி தேய்மானத்தை யார் கணக்கில் எழுதுவது? புதுப் பேட்டரி 60,000 ரூபாய் என்றும், இப்போதைய பேட்டரி ஐந்து ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொண்டால், மாதம் 1,000 ரூபாயைத் தேய்மானமாக ஒதுக்க வேண்டும். உண்மையான மிச்சம் 900 ரூபாய். அதே பேட்டரி மூன்றே ஆண்டில் போனால் மாதத் தேய்மானம் 1,667 ரூபாய். மிச்சம் 250 ரூபாய்கூட இல்லை. கம்பெனியே மூடிவிட்டால், பேட்டரி எந்த விலைக்கும் கிடைக்காமல் வண்டி முழுவதுமே முதல் நஷ்டம்.

ஆகவே மின்வண்டியில் லாபம் இருக்கிறது, ஆனால் அந்த லாபம் பேட்டரியின் ஆயுளிலும் கம்பெனியின் ஆயுளிலும் அடங்கியிருக்கிறது. பேரேட்டில் பெட்ரோல் மிச்சத்தை மட்டும் எழுதி, தேய்மானத்தை எழுதாமல் விட்டால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

ஒரு மொத்த வியாபாரிக்கு முன்பணம் கொடுக்குமுன் அவர் நிலவரம் விசாரிக்கிறோம் அல்லவா? அதே விசாரணை இங்கேயும் வேண்டும்.

1. பேட்டரியைக் கம்பெனி தானே கட்டுகிறதா, வெளியே வாங்கி மாட்டுகிறதா? வெளியே என்றால் யாரிடம்?

2. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர்? அதைவிட முக்கியம், பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள்? ஏதர் 2025-ல் தனிக் கட்டணத்துடன் அறிவித்த உத்தரவாதத்தில் 8 ஆண்டு, 80,000 கிலோமீட்டர், 70 சதவீதம் என்று எண் போட்டே எழுதியிருந்தது. இப்படி எண் இல்லாத உத்தரவாதம் வெறும் வாய்ச்சொல்.

3. இன்றைய விலையில் புதுப் பேட்டரி என்ன விலை? வாயால் சொல்வது வேண்டாம், எழுதி வாங்குங்கள்.

4. சர்வீஸ் எங்கே? தூத்துக்குடியிலா, மதுரைக்கு வண்டி ஏற்ற வேண்டுமா?

5. 2022-ல் தீ விபத்துகளுக்குப் பிறகு, ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதி கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பர், 2023 மார்ச் என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. வண்டி அதற்குப் பின் தயாரானதா? பழைய இருப்பைத் தள்ளுபடியில் தள்ளுகிறார்களா?

6. மூன்று ஆண்டுக்கு மேல் அதே வண்டியை ஓட்டுகிறவர் இருவரிடமாவது விசாரியுங்கள். இதுதான் நாம் சொன்ன மாதிரிச் சிப்பி.

பந்தய பைக்கின் படத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். மோட்டோகிராஸ் போட்டி வண்டிகள் மைதானத்துக்கு உரியவை. பதிவு எண் இல்லாததைச் சாலையில் ஓட்ட முடியாது. அவற்றில் கற்ற வித்தை நம் வண்டிக்கு வரட்டும், வண்டி வேண்டாம்.

கடையில் வைக்கும்போது

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்வண்டி எரிந்து, புகையில் ஒரு தகப்பனாரும் மகளும் இறந்தார்கள். நம் கடைகளில் சாக்கு, எண்ணெய் டின், தீப்பெட்டிக் கட்டு எல்லாம் ஒரே அறையில் இருக்கின்றன. எனவே கிடங்குக்குள் சார்ஜ் போடக் கூடாது. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு இரவு முழுக்கச் சார்ஜில் விட்டுப் போகக் கூடாது. வெளியே போகும் வழியை மறித்து வண்டியை நிறுத்தக் கூடாது. எர்த் உள்ள தனிப் பிளக் வேண்டும், நீட்டிப்புப் பெட்டி வேண்டாம். கம்பெனி கொடுத்த சார்ஜர் தவிர வேறு போடக் கூடாது. வெயிலில் ஓடி வந்த வண்டி ஆறியபிறகு சார்ஜ் போடுங்கள். முழுக்க வடியவிட்டு நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

நம் கடற்கரைக்கு இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்று. ஐ.பி. 67 என்று பேட்டரியில் எழுதியிருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துச் சோதித்தது என்று பொருள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. கடல் தண்ணீருக்கு அது உத்தரவாதம் ஆகாது. படகுத்துறையில் வண்டியை அலை தொடும் இடத்தில் நிறுத்தக் கூடாது. பிளக் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள், உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பேட்டரி தீர்ந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு விதிப்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. வாங்கும்போதே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் உறுப்பினருக்குச் சொன்ன பதில்

திரேஸ்புரத்து நண்பருக்கு நாம் சொன்னது இதுதான். வண்டி வாங்கலாம். ஆனால் கடையின் ஒரே வண்டியாக அதை ஆக்கிவிட வேண்டாம், பழைய வண்டியை உடனே விற்கவும் வேண்டாம். மாதம் 1,000 ரூபாயைப் பேட்டரிக்கென்று தனியாகச் சேமிப்பில் போட்டுவாருங்கள். ஐந்து ஆண்டில் பேட்டரி போனாலும் கடன் வாங்க வேண்டியிராது. போகாவிட்டால் அந்தப் பணம் உங்கள் லாபம்.

அவர் சிரித்துக்கொண்டே, "அப்போ முத்து இருந்தா எனக்கு, இல்லேன்னாலும் முதல் தப்பும்னு சொல்லுதீங்க" என்றார்.

அதுதான் நாம் சொல்ல வந்தது. புதுச் சரக்கைக் கண்டு ஓடவும் வேண்டாம், கண்ணை மூடி ஏலம் கேட்கவும் வேண்டாம். மாதிரி பார்ப்போம், கணக்குப் போடுவோம், பிறகு வாங்குவோம்.